ஃபிஃப்த் வீலில் குடியேறலாமா? ஓய்வு பெற்றவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நானும் மனைவியும் ஆறு வருடமாக அமெரிக்காவில் 37 அடி நீள ஃபிஃப்த் வீல் ட்ரெய்லரில் குடியிருக்கிறோம். ஒஹாயோவில் இருந்த வீட்டை விற்றாயிற்று. கல்யாண வீட்டிலோ கோயிலிலோ பார்க்கிற நண்பர்கள், ரிடையர் ஆனதும் இப்படிக் கிளம்பினால் என்ன என்று ஆரம்பிப்பார்கள். அரை மணி நேரத்தில் பேச்சு எடை, தண்ணீர், கக்கூஸ் தொட்டி என்று போய்விடும். அப்படித் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஃபிஃப்த் வீல் என்றால் என்ன?

சாதாரண ட்ரெய்லரை வண்டியின் பின் பம்பருக்குக் கீழே இருக்கும் உருண்டையில் மாட்டுவார்கள். ஃபிஃப்த் வீலின் மூக்கு பிக்கப் ட்ரக்கின் தொட்டிக்கு மேலே வந்து உட்காரும். தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே, ஹிட்ச் என்ற பூட்டு ஒன்று போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். ட்ரெய்லரின் மூக்கிலிருந்து தொங்கும் கிங்பின் அதில் போய்ப் பூட்டிக்கொள்ளும். கன்டெய்னர் லாரிகள் இழுப்பதும் இதே முறையில்தான். பெயர் குதிரை வண்டிக் காலத்தது. முன் சக்கரங்கள் திரும்புவதற்காக அச்சின்மேல் படுக்கைவாட்டில் ஒரு வட்டம் வைப்பார்கள். நாலு சக்கரத்தோடு அது ஐந்தாவது.

பாரம் அச்சின்மேல் நேராக இறங்குவதால் ஆட்டம் குறைவு. பக்கத்தில் பெரிய லாரி கடக்கும்போது காற்று உறிஞ்சி இழுக்குமே, அந்த பயம் இதில் பாதிகூட இல்லை. மூக்குப் பகுதி படுக்கையறையாகிவிடுவதால், அதே நீளத்தில் வீடு பெரிதாகக் கிடைக்கும். கூரை உயரம், அடியில் சாமான் வைக்க நல்ல இடம். வருடம் முழுக்கக் குடியிருப்பவர்களில் நிறையப் பேர் இதைத் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான்.

எந்த ட்ரெய்லர் வாங்கலாம்?

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. "என்ன ட்ரக் வைத்திருக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் முக்கால் டன் டீசல் ட்ரக் என்பார்கள் (முக்கால் டன், ஒரு டன் என்பதெல்லாம் ட்ரக் வகையின் பெயர், நிஜ எடை இல்லை), இழுக்கிற சக்தி 18,000 பவுண்டு என்று டீலர் சொன்னதாகவும் சேர்த்துக்கொள்வார்கள். டீலர் சொன்னது பொய் இல்லை. ஆனால் நமக்கு வேண்டிய எண் அது இல்லை.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். இதுதான் பேலோடு. ஃபிஃப்த் வீலின் மொத்த எடையில் சுமார் 20 முதல் 25 சதவீதம் ட்ரக்கின் முதுகில் இறங்கும். கிங்பின் வழியாக இறங்குவதால் அதைப் பின் (pin) எடை என்பார்கள். அந்த பின் எடை முழுவதும் பேலோடில் கழியும்.

நாங்கள் மாட்டிக்கொண்ட கணக்கையே சொல்கிறேன். எங்கள் முதல் ட்ரக்கின் ஸ்டிக்கரில் 2,180 பவுண்டு. நாங்கள் இரண்டு பேர் 310. ஹிட்ச் 180. கருவிப் பெட்டி, கயிறு, கட்டை என்று 100. மீதி 1,590. நாங்கள் பார்த்து வைத்த ட்ரெய்லர் சாமானோடு 14,000 பவுண்டு வரும். அதில் 22 சதவீதம் என்றால் 3,080. கிட்டத்தட்ட 1,500 பவுண்டு அதிகம். விற்பனையாளர் அதைப் பார்த்துவிட்டு, "பின்னால் ஏர் பேக் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும்" என்றார். ஏர் பேக், அதாவது ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை, போட்டால் ட்ரக்கின் பின்பக்கம் தாழாது, அவ்வளவுதான். அச்சும் டயரும் தாங்கும் அளவு ஒரு பவுண்டுகூட அதிகமாகாது.

கடைசியில் அந்த ட்ரக்கை விற்று, பின்னால் நாலு டயர் உள்ள ஒரு டன் ட்ரக் வாங்கினோம். டுவல்லி என்பார்கள். ஸ்டிக்கரில் 5,400. இரண்டு வாரத்தில் நடந்த கொடுக்கல் வாங்கலில் எங்களுக்கு விழுந்த நஷ்டத்தில் ஒரு வருட டீசல் போட்டிருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், ட்ரெய்லர் பார்க்கப் போவதற்கு முன்னால் உங்கள் கதவைத் திறந்து அந்த எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரக் இன்னும் வாங்கவில்லை என்றால் இன்னும் நல்லது. ட்ரெய்லரை முடிவு செய்துவிட்டு, அதன் ஜி.வி.டபிள்யூ.ஆர், அதாவது அது தாங்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை, அதில் 25 சதவீதம் போட்டு, அதற்குத் தகுந்த ட்ரக்கைத் தேடலாம்.

டீலர் பிரசுரத்தில் பின் எடை 2,400 என்றுதானே போட்டிருக்கிறது?

அது காலி ட்ரெய்லர். தண்ணீர் இல்லை, பேட்டரி இல்லை, உங்கள் புடவைப் பெட்டி இல்லை. முன்பக்கத்து அலமாரியும் அடியறையும் மூக்கில்தான் இருக்கின்றன, ஆகவே சாமான் ஏற ஏறப் பின் எடைதான் முதலில் ஏறும். நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். ட்ரெய்லரோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ட்ரக் மட்டும் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். ட்ரக் அச்சுகளில் வரும் வித்தியாசம்தான் உங்கள் நிஜமான பின் எடை. எங்களுடையது 3,080 என்று கணக்குப் போட்டோம், மேடையில் 3,260 வந்தது.

நம் சாமான் எல்லாம் ஏறுமா?

ட்ரெய்லருக்கும் ஒரு ஸ்டிக்கர் உண்டு, அதில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று இருக்கும். பார்க்க மாளிகை மாதிரி இருக்கும் சில மாடல்களில் இது 1,500 பவுண்டுகூட இருக்காது. தயாரிப்பாளர் கிரானைட் மேடை, மின்சாரக் கணப்பு, மூன்றாவது ஏசி என்று போட்டே எடையைத் தின்றிருப்பார். வாரக் கடைசியில் போய் வருகிறவருக்கு அது போதும். அங்கேயே வாழ்கிறவருக்கு 2,500-க்குக் குறைந்தால் நான் வேண்டாம் என்பேன்.

தண்ணீர் ஒரு கேலன் 8.3 பவுண்டு. 60 கேலன் தொட்டியை நிரப்பினால் 500 பவுண்டு அப்படியே போச்சு. வாஷிங் மெஷினும் டிரையரும் இன்னொரு 200. வீட்டை விற்பதற்கு முன்னால் மனைவி குளியலறை எடை மெஷினைச் சமையலறைக்கு எடுத்து வந்து, பாத்திரத்தை ஒவ்வொன்றாக ஏற்றி நோட்டில் எழுதினாள். டேபிள்டாப் கிரைண்டர் 25 பவுண்டு. இரும்பு தோசைக்கல் இரண்டும் சேர்ந்து 11. எவர்சில்வர் டப்பாக்களும் அடுக்குகளும் 64. எழுதி முடித்து, பித்தளை அண்டாவை மகள் வீட்டுக்கு அனுப்பினாள். கிரைண்டர் எங்களோடுதான் இருக்கிறது. புத்தகத்தில் நான் 300 பவுண்டு விட்டுக்கொடுத்தேன், அதற்கு அப்புறம் கிரைண்டரைப் பற்றிப் பேச எனக்கு வாய் இல்லை.

உள்ளே போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

டீலர் எல்லா ஸ்லைடையும் வெளியே தள்ளி, விளக்கு எல்லாம் போட்டு, ஏசி ஓடவிட்டுத்தான் காட்டுவார். ஸ்லைடு என்பது நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே நகரும் சுவர்ப் பகுதி. அது வெளியே போனால்தான் கூடம் கூடமாக இருக்கும். "எல்லாவற்றையும் உள்ளே இழுங்கள்" என்று சொல்லுங்கள். முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை. இழுத்த பிறகு கதவைத் திறந்து உள்ளே போக முடிகிறதா? கழிவறைக்குப் போக வழி இருக்கிறதா? ஃபிரிட்ஜ் கதவு திறக்கிறதா? நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்தும்போது ஸ்லைடு திறக்க முடியாது. அறுபதைத் தாண்டிய ஆண்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அப்புறம், அங்கேயே வாழ்ந்து பாருங்கள். சும்மா சொல்லவில்லை. நாங்கள் இப்போது இருக்கும் வண்டியை வாங்குவதற்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கூட்டம் இல்லாத நேரத்தில் போய் மூன்று மணி நேரம் உள்ளேயே இருந்தோம். மனைவி அடுப்பு முன்னால் நின்று, இல்லாத வாணலியில் தாளித்து, திரும்பி சிங்க்கில் வடித்து, கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் கரண்டி வைக்கக்கூட இடம் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நான் ஷவரில் சட்டையோடு நின்று, சோப்பு எடுக்கக் குனிகிற மாதிரி குனிந்தேன். முழங்கை இடித்தது. கழிவறையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் படுத்து, அவளைத் தாண்டாமல் எழுந்து வர முடிகிறதா என்று பார்த்தேன். முடியவில்லை. அதே தயாரிப்பில் வேறு அமைப்பைப் பார்த்தோம், கட்டிலைச் சுற்றி இரண்டு பக்கமும் நடக்க வழி இருந்தது. அதைத்தான் வாங்கினோம்.

மூட்டு வலி இருக்கிறது. படி ஏற முடியுமா?

இதில் படி உண்டு, தவிர்க்க முடியாது. வாசலில் மூன்று நாலு, உள்ளே படுக்கையறைக்கு இரண்டு மூன்று. பெரும்பாலான அமைப்புகளில் குளியலறை படுக்கையறை மட்டத்திலேயே இருக்கும், ராத்திரி எழுந்தால் படி இறங்க வேண்டாம். இதை உறுதி செய்துகொள்ளுங்கள். கூடம் மூக்கில், படுக்கை பின்னால் என்கிற அமைப்பும் உண்டு. அதில் டிவி பார்க்க ஏற வேண்டும், தூங்க ஏற வேண்டாம். வாசல் படிகளில் தரையில் கால் ஊன்றும் கனமான வகையாக இருந்தால் ஆடாது. இரண்டு பக்கமும் கைப்பிடி போட்டுக்கொள்ளலாம், சின்னச் செலவுதான். உள்ளே படி ஏறவே முடியாது என்ற நிலை வந்துவிட்டது என்றால், ஃபிஃப்த் வீலை விட்டுவிட்டு சாதாரண ட்ரெய்லர் பாருங்கள்.

எந்த கம்பெனி நல்லது?

இண்டியானா மாநிலத்தில் எல்கார்ட் என்று ஒரு ஊர். அமெரிக்காவில் ஓடும் ஆர்.வி.களில், அதாவது இப்படித் தங்கும் வசதியுள்ள வண்டிகளில், பெரும்பகுதி அந்த ஊரையும் சுற்று வட்டாரத்தையும் சேர்ந்தது. பலகையில் டஜன் கணக்கில் பெயர் தெரிந்தாலும், முதலாளிகளை எண்ணினால் விரல் மிச்சம் இருக்கும். கீஸ்டோன், ஹார்ட்லேண்ட், ஜேகோ மூன்றும் தோர் குழுமம். ஃபாரஸ்ட் ரிவர் 2005 முதல் பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் கையில். கிராண்ட் டிசைனை 2016-ல் வின்னபேகோ வாங்கியது. அடிச்சட்டம், அச்சு, ஸ்லைடு மோட்டார், ஃபர்னஸ், தண்ணீர் ஹீட்டர் எல்லாம் வெளியிலிருந்து வாங்கிப் பூட்டுவது, பாதிக்கு மேல் ஒரே ஆட்களிடமிருந்து. ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவதில் பிரயோசனம் இல்லை.

நான் அடியில் படுத்துப் பார்க்கச் சொல்வேன். அச்சு ஒவ்வொன்றும் 7,000 பவுண்டா 8,000 பவுண்டா? ட்ரெய்லரின் எடைக்கும் அதற்கும் இடையில் மிச்சம் இருக்கிறதா? ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் இருக்கிறதா, இல்லை எலக்ட்ரிக் டிரம்மா? கனமான வண்டிக்கு டிஸ்க் இருந்தால் மலை இறக்கத்தில் தெரியும். டயரின் பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நாலு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ட்ரெய்லர் டயர் தேய்வதற்கு முன்னாலேயே வயதாகி வெடிக்கும். ஐந்தாறு வருடம் ஆகியிருந்தால், பார்க்கப் புதிது போல இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

புதிதா, பழையதா?

பழையது, மூன்று முதல் ஆறு வருடம் ஓடியது. புதியது கடையை விட்டு வெளியே வந்த அன்றே விலை சரியும். அது போக, முதல் வருடம் முழுக்கப் புது வண்டிக்கு வியாதி வந்துகொண்டே இருக்கும். உங்கள் வீடே அதுதான் என்றால், ரிப்பேருக்கு விட்ட இரண்டு மாதம் எங்கே படுப்பீர்கள்? முதல் ஆள் அந்தத் தொல்லையை எல்லாம் பட்டு முடித்த வண்டிதான் நமக்கு நல்லது.

பழையதில் எமன் தண்ணீர். முதல் தடவை நாங்கள் முன்பணம் கட்டப் போன வண்டி பளபளவென்று இருந்தது. கூடத்து ஸ்லைடின் மூலையில், சோபாவுக்குப் பின்னால், கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். தரை ஊறின பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. விற்பவர், "குளிர்காலத்தில் கொஞ்சம் வேர்த்திருக்கும்" என்றார். ட்ரெய்லரின் சட்டம் மரமோ அலுமினியமோ, தரைப் பலகை ஊறினால் ஊறினதுதான். அன்றைக்கு வெளியே வந்துவிட்டோம். அதற்குப் பிறகு பார்த்த ஒவ்வொரு வண்டியிலும் நாலு ஸ்லைடு மூலை, கூரையில் விளக்கு சுற்றி, ஷவருக்குக் கீழே, மூக்கின் அலமாரிக்குள் என்று விரலை வைத்து அழுத்தாமல் விட்டதில்லை. வெளிச்சுவரை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பாருங்கள். எங்கேயாவது உப்பியிருந்தால் உள்ளே பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். ஈரம் காட்டும் மீட்டர் ஐம்பது டாலருக்குக் கிடைக்கும். இதற்கெல்லாம் மேலே, ஆர்.வி. இன்ஸ்பெக்டர் ஒருவரைத் தனியாகக் கூலி கொடுத்துக் கூட்டிப் போவது நல்லது. விற்பவர் சிபாரிசு செய்யும் ஆளாக இருக்கக் கூடாது.

வாங்கிய பிறகு கூரை உங்கள் பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏணி போட்டு ஏறி, ஒட்டுப்பசை வெடித்திருக்கிறதா என்று பார்த்து, வெடித்த இடத்தில் புதிதாக ஊற்ற வேண்டும். அரை மணி நேர வேலை.

வாரண்டி இருக்குமே?

அதில் ஒரு வரி இருக்கும், அநேகமாக இரண்டாம் பக்கத்தில்: பொழுதுபோக்குப் பயணத்துக்கு மட்டும், நிரந்தரக் குடியிருப்புக்குப் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது. எல்லாத் தயாரிப்பாளரும் அப்படிப் போடுவதில்லை, சிலர் முழுநேரக் குடியிருப்பையும் ஏற்கிறார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தத் தாளை வாங்கிப் படியுங்கள். கடன் கொடுக்கும் வங்கிகளிலும் பல, வேறு வீடு இல்லாதவருக்கு ஆர்.வி. கடன் தருவதில்லை. இன்ஷூரன்ஸிலும் முழுநேரக் குடியிருப்போர் பாலிசி என்று தனியாக வாங்க வேண்டும். உங்கள் படியில் விருந்தாளி சறுக்கி விழுந்தால் அதுதான் காப்பாற்றும்.

மின் இணைப்பு 30 ஆம்பா 50 ஆம்பா?

50. முப்பது ஆம்ப் என்றால் 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவ் போட்டால் டிரிப் ஆகும். ஐம்பது ஆம்ப் இணைப்பில் 120 வோல்ட் வரிசை இரண்டு வருவதால் 12,000 வாட் கிடைக்கும். முழுநேர அளவு வண்டிகள் எல்லாம் இப்போது ஐம்பதுதான். வண்டியை நிறுத்தித் தங்கும் கேம்ப்கிரவுண்டின் மின்கம்பத்தை நம்ப வேண்டாம், வோல்டேஜ் குறைந்தாலும் கூடினாலும் துண்டித்துவிடும் பாதுகாப்புக் கருவி ஒன்றை முதல் நாளே வாங்குங்கள்.

நம் சமையல் செய்ய முடியுமா?

தினமும் செய்கிறோம். அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி நிஜமாகவே வெளியே தள்ளுகிறதா, இல்லை புகையை வடிகட்டி முகத்துக்கே திருப்புகிறதா என்று வாங்கும்போது பாருங்கள். விசிறியை ஓடவிட்டு, வெளியே சுவரில் இருக்கும் சின்ன மூடியில் கை வைத்தால் தெரியும். மிளகாய் வறுத்தால் புகை அலாரம் நிச்சயம் கத்தும். அதைக் கழற்றி வைக்காதீர்கள், வறுவலை வெளியே கொண்டுபோங்கள். ஒரு மடக்கு மேஜை, ஒரு ஒற்றை அடுப்பு போதும். அரிசோனாவில் பக்கத்து வண்டிக்காரர் கருவேப்பிலை வாசனைக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார், இப்போது வாட்ஸ்அப்பில் ரசத்துக்கு அளவு கேட்கிறார்.

இட்லி, சாதம் என்று ஆவி வருகிற சமையலில் இன்னொரு சங்கதி: குளிர்நாளில் அந்த ஆவி ஜன்னலிலும் மெத்தைக்கு அடியிலும் தண்ணீராகும், பிறகு பூசணம். இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சின்ன டீஹியூமிடிஃபையர் ஒன்று, இரண்டும் இருந்தால் சமாளிக்கலாம்.

கழிவறைத் தொட்டி... அதை யார் காலி செய்வது?

நான்தான். கழிவறைக்கு பிளாக் டேங்க், சிங்க்கும் ஷவரும் கிரே டேங்க். குழாய் மாட்டி முதலில் பிளாக்கைத் திறக்க வேண்டும், பிறகு கிரே. சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை போட்டால் ஐந்து நிமிட வேலை, வாரத்துக்கு ஒரு தடவை.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்றுதான். கேம்ப்கிரவுண்டில் கழிவுக் குழாய் இணைப்பு இருக்கிறதே என்று பிளாக் வால்வைத் திறந்தே வைத்துவிடுவார்கள். தண்ணீர் ஓடிவிடும், கெட்டி அங்கேயே குவிந்து கோபுரம் கட்டும். மூடி வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் ஒரேயடியாகத் திறக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் பழக்கம் இங்கே நல்லதுக்குத்தான், காகிதம் குறைவு, தொட்டி சீக்கிரம் சுத்தமாகும். சீக்கிரம் நிறையவும் செய்யும்.

எவ்வளவு நீளம்?

35 முதல் 38 அடி என்பது என் கருத்து. 42 அடி வண்டி ஓரிடத்தில் ஆறு மாதம் நிறுத்துகிறவருக்கு. தேசியப் பூங்காக்களின் பழைய கேம்ப்கிரவுண்டுகள் பெரிய வண்டிகள் வருவதற்கு முன்னால் போட்டவை, பல இடங்களில் 30 அடிக்கே திணறும். நாங்கள் பூங்காவுக்கு வெளியே தனியார் இடத்தில் நிறுத்திவிட்டு ட்ரக்கில் போய் வருகிறோம். அதுவும் எல்லா இடத்திலும் நடக்காது. மொன்டானாவில் கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-த-சன் மலைச்சாலையில், அவலாஞ்ச் முதல் ரைசிங் சன் வரை, 21 அடிக்கு மேல் நீளமோ கண்ணாடியையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ இருந்தால் விடமாட்டார்கள். எங்கள் டுவல்லி அகலத்தில் தோற்றது. காரை வாடகைக்கு எடுத்தோம்.

உயரம் இதைவிட முக்கியம். ஃபிஃப்த் வீல்கள் 13 அடிக்கு மேல் நிற்கும், 13 அடி 5 அங்குலம் சாதாரணம். டேப் பிடித்து ஏசியின் தலை வரை அளந்து, அந்த எண்ணை ஸ்டீயரிங் முன்னால் ஒட்டி வையுங்கள். கார் ஓட்டுகிறவருக்கான மேப் ஆப் பாலத்தின் உயரத்தைச் சொல்லாது.

லைசென்ஸ்?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 15,000 பவுண்டுக்கு மேல் உள்ள ஃபிஃப்த் வீலுக்கு வணிகமல்லாத ஏ வகை லைசென்ஸ் வேண்டும். நீங்கள் எந்த மாநில லைசென்ஸ் வைத்திருக்கிறீர்களோ அந்த மாநில விதியைப் பாருங்கள்.

வீடே இல்லை என்றால் முகவரி?

டெக்சாஸ், ஃப்ளோரிடா, சவுத் டகோடா, இந்த மூன்றில் ஒன்றைத்தான் முழுநேரக்காரர்கள் பெரும்பாலும் சொந்த மாநிலமாக வைத்துக்கொள்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை, தபாலை வாங்கி நாம் இருக்கும் இடத்துக்கு அனுப்பும் சேவைகளும் உண்டு. டெக்சாஸ் லிவிங்ஸ்டனில் இருக்கும் எஸ்கேபீஸ் சங்கம் 1978-ல் தொடங்கியது. தபால் சேவை போக, வயதாகி அல்லது உடம்பு முடியாமல் போன ஆர்.வி.காரர்கள் தங்கள் வண்டியிலேயே இருந்துகொண்டு உதவி பெறும் கேர் என்ற மையமும் அங்கே இருக்கிறது. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மனைவி திரும்பும் வழியில் அதிகம் பேசவில்லை, ஆனால் அதற்கு அப்புறம் "முடியாமல் போனால் என்ன செய்வது" என்ற கேள்வி எங்கள் வீட்டில் வரவில்லை.

மெடிகேர் எல்லா ஊரிலும் செல்லுமா?

மெடிகேர் என்பது 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு. அரசே நடத்தும் ஒரிஜினல் மெடிகேர், அதை ஏற்கும் எந்த மருத்துவரிடமும், எந்த மாநிலத்திலும் செல்லும். தனியார் கம்பெனிகள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு வட்டார மருத்துவர் பட்டியலுக்குள் அடங்கியவை. அவசர சிகிச்சை எங்கும் கிடைக்கும், மற்றதற்கு வம்பு. ஊர் ஊராகப் போகிறவர் 65 ஆகும்போதே இதை யோசித்து எடுக்க வேண்டும், பிறகு மாற்றுவது கஷ்டம். இரண்டுமே பொதுவாக இந்தியாவில் செல்லாது, சென்னை போகும்போது பயணக் காப்பீடு தனி.

மூன்று மாதம் இந்தியா போனால் ட்ரெய்லரை என்ன செய்வது?

மின் இணைப்பு இருக்கும் வாடகைக் கிடங்கில் விடுங்கள். தண்ணீர்க் குழாய்களை வடித்து, உறையும் ஊரென்றால் ஆன்டிஃப்ரீஸ் ஓட்டி, ஃபிரிட்ஜைத் துடைத்துக் கதவைத் திறந்தபடி வைக்க வேண்டும். பருப்பு, அரிசி ஒரு மணிகூட விடாதீர்கள். எலி அடிப்பக்கத்து ஒயர் ஓட்டை வழியாக வரும். முதல் வருடம் துவரம்பருப்புப் பையைத் தேடி வந்தது, கூடவே ஸ்லைடின் ஒயரையும் ருசி பார்த்துவிட்டது.

மொத்தமாக எவ்வளவு செலவாகும்?

வாழ்வதற்குத் தகுந்த புது ஃபிஃப்த் வீல் சுமார் 70,000 டாலரில் தொடங்கி ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். புது டீசல் டுவல்லி 80,000-ஐச் சுலபமாகத் தாண்டும். பழையதில் இரண்டையும் சேர்த்தே புது ட்ரக் விலையில் முடிக்கலாம், நாங்கள் முடித்தோம். இழுத்துக்கொண்டு போகும்போது கேலனுக்கு 10 மைல். இடவாடகை தினக் கணக்கில் கொடுத்தால் கட்டுப்படியாகாது, மாதக் கணக்கில் பாதிக்கும் கீழே இறங்கும். 62 வயதான குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ 80 டாலர் கொடுத்து ஆயுள் முழுக்கச் செல்லும் சீனியர் பாஸ் வாங்கலாம். தேசியப் பூங்கா நுழைவு இலவசம், ராணுவப் பொறியாளர் படையின் ஏரிக்கரை கேம்ப்கிரவுண்டுகள் போன்ற பல அரசு இடங்களில் பாதிக் கட்டணம். அந்த ஏரிக்கரைகளை நிறையப் பேர் கவனிப்பதில்லை. நல்ல அகலமான இடம், மின்சாரம், சாயங்காலம் மீன் துள்ளும் சத்தம்.

எனக்கு ஆசை, வீட்டில் இஷ்டமில்லை. என்ன செய்யலாம்?

வாடகைக்கு எடுத்து ஒரு மாதம் இருந்து பாருங்கள். மே மாதத்தில் எடுக்காதீர்கள், மே மாதத்தில் எல்லாருக்கும் பிடிக்கும். பிப்ரவரியில், மழை பெய்கிற ஊரில் எடுங்கள். மூன்று நாள் விடாமல் பெய்யும்போது 350 சதுர அடிக்குள் இரண்டு பேரும் என்ன செய்கிறீர்கள், யார் டிவி சத்தத்தைக் கூட்டுகிறீர்கள், யார் எங்கே போய் உட்கார்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். எங்களுக்கு அந்த மூன்று நாள் டெக்சாஸ் கடற்கரையில் வந்தது. மூன்றாம் நாள் நான் குடையை எடுத்துக்கொண்டு ட்ரக்கில் போய் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கதவு திறந்தது, ஃபிளாஸ்கோடு மனைவி ஏறி உட்கார்ந்தாள். "உள்ளே ரொம்ப அமைதியா இருக்கு" என்றாள்.